நடுத்துண்டு

இனி ஒரு மணி நேரம் இதைத் தொடக்கூடாது, தட்டக்கூடாது, குனிந்து முறைத்துப் பார்க்கவும் கூடாது. கண்ணாடிக் குவளையில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், அதற்குள் நீல மணி. முதுகுத் துடுப்புக்கு அடியில் நான் கோத்துவிட்ட நீலப் பாசிமணிதான் அதற்குப் பெயர். மற்றபடி எல்லாக் குளத்திலும் கிடக்கிற ஜிலேபிக் கெண்டைதான், சந்தையில் கூறு கட்டி விற்பார்களே அதே சாதி. அது சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என் வேலை, இதற்குக் கல்லூரியில் சம்பளமும் கொடுக்கிறார்கள். ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. உடம்புக்குள் ஊறுகிற ஹார்மோன் செவுள் வழியாகவும் மூத்திரம் வழியாகவும் தண்ணீரில் கசிந்துவிடும். பிறகு மீனைத் தொட்டியில் விட்டுவிட்டுத் தண்ணீரை வடிகட்டிப் பார்த்தால் அது பயந்துகிடக்கிறதா, சண்டைக்கு நிற்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். மனிதரையும் இப்படி ஓர் அண்டாவில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரைக் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். யாரை முதலில் உட்காரவைப்பது என்று எனக்கு யோசனையே வேண்டாம். என் வீட்டுக்காரரைத்தான். அவருக்குள் என்னவோ ஊறிக்கொண்டிருக்கிறது, மூன்று மாதமாக அதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்றைக்குச் சாயங்காலம் ஆகாமலே இருந்தால் தேவலை.

நீல மணி இன்னும் கறுக்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் அப்படியே இருக்கிறது. கறுக்கும், எங்கே போய்விடும். நேற்றுக் காலையில்தான் தொட்டியிலிருந்து பச்சை மணியை எடுத்துத் தனியாகப் போட்டேன். பச்சை மணி அங்கே ராஜா. உடம்பெல்லாம் கரிச்சட்டிக் கறுப்பு, தாடைக்குக் கீழே மட்டும் வெள்ளை, மணலை வாயால் அள்ளி அள்ளித் துப்பி நடுவில் ஒரு குழி பறித்து வைத்திருந்தது. அந்தக் குழிப் பக்கம் ஒரு மீன் போக முடியாது. மற்றதெல்லாம் வெளிறிப்போய் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, போட்ட தீவனத்தைக்கூட அது தின்று முடித்த பிறகு பொறுக்கிக்கொண்டு இருந்தன. ராஜாவை எடுத்துவிட்டால் அடுத்த பெரிய ஆணுக்கு, இங்கே நீல மணிக்கு, சேதி உடனே தெரிந்துவிடும். யாரும் சொல்ல வேண்டாம். மூளையில் ஒரு பக்கம் முழித்துக்கொள்ளும், ஆண் ஹார்மோன் ஏறும், பயத்துக்கான ஹார்மோன் இறங்கும், ஒரு நாள்கூட ஆகாது, நிறம் மாறிவிடும். நேற்றுவரை கடி வாங்கிக்கொண்டிருந்தது இன்றைக்குக் கடிக்கும். அதுவும் எப்படி? பழையது எப்படிக் கடித்ததோ அதே மாதிரி, விலாவில், துடுப்பின் ஓரத்தில். நாளைக்குப் பச்சை மணியைத் திரும்பத் தொட்டிக்குள் விடுவதாகத் திட்டம். திரும்பிப் போனால் பழைய இடம் கிடைக்காது. சில சமயம் புது ராஜா அதைக் கொன்றே போட்டுவிடும், நான் பார்த்திருக்கிறேன், காலையில் வந்தால் கண் இல்லாமல் மிதக்கும்.

எங்கள் வீட்டுப் பச்சை மணி பின்னறையில் கட்டிலில் கிடக்கிறது. இவருடைய அண்ணன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர், தெரு முனையில் பேசினால் எங்கள் அடுப்படியில் பாத்திரம் அதிரும். மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவர் நன்றாக இருந்த நாளில் எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று நடந்ததே கிடையாது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டுமே. "ஏல சுயம்பு" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் நாற்பது வயதுத் தம்பி சாப்பிட்ட கையோடு எழுந்து நிற்பார். யார் போய் எதைக் கேட்டாலும் பெரியத்தான் தலையை நிமிர்த்த மாட்டார். கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே கேட்பார், கேட்டு முடித்த பிறகு "பாப்போம்" என்பார். அவ்வளவுதான். நான் மேற்கொண்டு படிக்கட்டுமா என்று கேட்டதற்கு ஒரு பாப்போம், எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன், போய் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்றதற்கு ஒரு பாப்போம். அந்தப் பாப்போமுக்கு அப்புறம் அங்கே நிற்கிற ஆளுக்கு உடம்பு இரண்டு அங்குலம் குறைந்துவிடும், எனக்குக் குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சீலா மீன் வாங்குவார்கள். நடுத்துண்டு அவருக்கு. அதை யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை, கனி அக்காவின் கரண்டிக்கே அது தெரியும். கனி அக்கா அவருடைய மனைவி, எனக்கு மூத்தவள். குழம்பைக் கலக்காமல் அடியில் கரண்டியை விட்டு, வட்டமாக, நடுவில் ஒற்றை முள்ளோடு இருக்கிற பெரிய துண்டை உடையாமல் தூக்கி அவர் தட்டில் வைப்பாள். அடுத்தது இவருக்கு. எனக்கும் அவளுக்கும் வால். வால் துண்டில் ருசி அதிகம் என்று கனி அக்கா சொல்வாள். பதினாறு வருஷம் அந்த ருசியைத் தின்றிருக்கிறேன்.

மின்விசிறி கிரீச்சென்று ஒரு சுற்றுக்கு ஒரு தடவை முனகுகிறது. தொட்டிக்குக் காற்று ஊதுகிற மோட்டார் தூக்கத்தில் மூச்சு விடுகிற ஆள் மாதிரி. பின்னறையில் பெரியத்தான் மூச்சு விடுவதும் இப்படித்தான் கேட்கும், சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தால். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே இவர் கண்ணை மூடாமல் கிடப்பார். என்ன யோசிக்கிறீங்க என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். ஒன்றும் இல்லாதவருக்கு ஏன் தூக்கம் வரவில்லை? ஆபீஸை இப்போது இவர்தான் பார்க்கிறார். போனில் டிரைவர்களிடம் பேசுகிறபோது குரல் கட்டையாகிவிட்டது, அண்ணன் குரல் மாதிரியே "வே, என்ன வே" என்கிறார். கூடத்தில் அண்ணனுடைய மர நாற்காலியில் உட்கார ஆரம்பித்துவிட்டார். முதல் நாள் அவர் அதில் உட்கார்ந்ததைப் பார்த்தபோதே தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். படித்தவளுக்கு இதுதான் கஷ்டம், எது வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், வராமல் தடுக்க மட்டும் தெரியாது. போன வாரம் அதைவிட மோசம். அண்ணனையும் மதினியையும் ஏரலுக்கு அனுப்பிவிடலாம் என்று இவர் சொன்னார். ஏரலில் கனி அக்காவின் அண்ணன் வீடு இருக்கிறது, மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு அறை சும்மா கிடக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் வண்டி வருகிறது. சொந்த அண்ணனை. பதினாறு வருஷம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மனுஷன், அண்ணன் வாய் அடைத்ததும் அவரை மாட்டுக் கொட்டகைக்கு ஓட்டுகிறார். நாளைக்கு என்னை எங்கே ஓட்டுவார்?

நீல மணி குவளையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அடியில் போய் நிற்கிறது. செவுள் வேகமாக அடிக்கிறது. கோபமா பயமா, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாடம் எடுக்கும்போது பையன்கள் கேட்பார்கள், ஹார்மோன் ஏறினதால் மீன் சண்டை போடுதா, சண்டையில ஜெயிச்சதால ஹார்மோன் ஏறுதா என்று. இரண்டும் என்பேன். ஒரு தடவை ஜெயித்தால் ஏறும், ஏறினால் மறுபடி ஜெயிக்கும். தோற்றதும் அப்படித்தான், தோற்ற மீன் அடுத்து தன்னைவிடச் சின்னதிடமும் தோற்கும். நான் பாடத்தில் சொல்லாதது ஒன்று உண்டு. கறுக்கிற மீனுக்குத் தான் கறுப்பது தெரியாது. தன் உடம்பை அது எங்கே பார்க்கப்போகிறது? மற்றவை ஒதுங்குவதைத்தான் பார்க்கும். எல்லாருக்கும் என்ன ஆச்சு, ஏன் இப்படி வெளிறிப்போய் மூலைக்குப் போகிறார்கள் என்றுதான் அதற்குத் தோன்றும். பெரியத்தானுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்குமோ என்னவோ. ஒரு தடவை தட்டைத் தூக்கி எறிந்தார். அன்றைக்குச் சீலா கிடைக்காமல் நான் கல்லூரியிலிருந்து ஜிலேபிக் கெண்டை கொண்டுபோயிருந்தேன். குளத்து மீனை மனுஷன் திம்பானா என்று ஒரே வீச்சு. தட்டு என் காதோரமாகப் போய்ச் சுவரில் பட்டது. இவர் எழுந்து துணியை எடுத்து நனைத்துச் சுவரைத் துடைத்தார், மஞ்சள் கறை போகவில்லை, இன்னும் இருக்கிறது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்போது என் உடம்பில் என்ன ஓடியது என்று எந்தத் தண்ணீரிடமும் கேட்க வேண்டாம், எனக்கே தெரியும். ஒருநாள் இந்தக் குரல் நிற்கும் என்று நினைத்தேன். நின்றுவிட்டது. நின்ற அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரோடும் சேர்ந்து அழுதேன். அழுதுகொண்டே பசித்தது, கேன்டீனுக்குப் போய் இரண்டு வடை தின்றேன்.

ஏரல். இல்லை, கொஞ்சம் இரு. இவர் சொன்னார் என்றேனே, எப்படிச் சொன்னார்? அண்ணன் துணியை அலசிக்கொண்டிருந்தார், கிணற்றடியில், மூத்திரத் துணி, அதையெல்லாம் கனி அக்காவை அலச விட மாட்டார். நான் துணி காயப்போட வந்து நின்றேன். அப்போது "நீ சொன்ன மாதிரி ஏரலுக்கு அனுப்பிருவமா" என்றார். நீ சொன்ன மாதிரி. நான் எப்போது சொன்னேன், சும்மா பேச்சுக்கு, கனி அக்காவுக்கும் பிறந்த வீட்டு ஆள் துணையாக இருக்குமே என்று ஒருதரம் சொல்லியிருப்பேன். ஒருதரமா? அதற்கு முந்தின வாரமும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் இருந்தார், பேசாமல் இருக்கிறீர்களே என்று கேட்டேன், கேட்டபோது கையில் இருந்த டம்ளரை மேசையில் வைத்தேன், கொஞ்சம் வேகமாக வைத்தேன். நாற்காலி? நீங்கதான் இப்ப வீட்டுக்குப் பெரியவரு, உக்காருங்க என்று நான்தான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். நுனியில் உட்கார்ந்திருந்தார், பஸ்ஸில் அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்த மாதிரி. அவர் எழுந்துபோன பிறகு அதில் யார் உட்காருகிறார்கள்? ராத்திரிச் சாப்பாடு முடிந்து விடைத்தாள் திருத்த அதுதான் வசதி, கை வைக்கப் பலகை இருக்கிறது, விளக்கும் நேராக விழும், அதற்காக உட்காருகிறேன். நேற்று அதில் உட்கார்ந்திருந்தபோது கனி அக்கா காப்பி கொண்டுவந்தாள். நான் சட்டென்று கையை நீட்டியதும் அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள், காப்பி சிந்திவிட்டது. பின்னால் இவர் வருகிறார் போலிருக்கிறது, அவரைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பாவம் என்றுகூட நினைத்தேன். இவர் அப்போது ஆபீஸிலிருந்து வந்திருக்கவே இல்லை.

தொட்டிப் பக்கம் மணல் சரசரக்கிறது. திரும்பாதே, குவளையைப் பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரும்புகிறேன். நேற்று மாலை பழைய குழி பாதி தூர்ந்துகிடந்தது. இப்போது ஆழமாக, வட்டமாக, கரை கட்டி இருக்கிறது. குழிக்கு மேலே ஒரு கறுப்பு. பச்சை மணியைத் தவறாகத் திரும்ப விட்டுவிட்டேனா என்று ஒரு கணம் பதறிப்போனேன். இல்லை, அது தனித் தொட்டியில் வெளிறிப்போய்க் கிடக்கிறது. இது சின்னது. வாய் நிறைய மணலோடு திரும்புகிறபோது முதுகில் பாசி தெரிகிறது, வெள்ளை. வெள்ளை மணியைப் பெண் என்று நான் எழுதிவைத்திருக்கிறேன். தோற்ற ஆண்கள் சில பெண் நிறத்திலேயே ஒடுங்கி நிற்கும், கடி குறையும், குழிப் பக்கம் போனாலும் ராஜா சந்தேகப்படாது. அடிவயிற்றைத் திருப்பித் துவாரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், மாணவர்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருகிறேன். அன்றைக்கு இதைத் திருப்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு சாதுவாக இருக்கிறதே என்று நிறத்தைப் பார்த்தே எழுதிவிட்டேன். போட்டிக்கு வருகிற ஆள் என்று அதை நான் எண்ணவே இல்லை. ஆகவே நீல மணி கறுக்கப்போவதில்லை, அந்தக் குவளைத் தண்ணீரில் இருப்பதெல்லாம் பயம்தான், நேற்று ராஜாவுக்குப் பயந்தது, இன்றைக்கு இதற்கு. இன்னொரு மீன் குழி ஓரமாக வந்தது. வெள்ளை மணி விலாவில் ஒரு கடி கடித்தது. பச்சை மணி கடிக்கிற அதே இடம். எனக்குப் பயமாக இருந்தது, யாரைப் பார்த்து என்று சொல்ல வரவில்லை.

கதவு லேசாகத் தட்டப்பட்டது. கனி அக்கா. இந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட கல்லூரிக்கு வந்ததில்லை. வியர்த்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையில் என் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலிலேயே நின்றாள். உள்ளே வாங்கக்கா என்றேன். வந்து சுவரோரமாக நின்றாள். ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை. நான் கல்யாணமாகி வீட்டுக்கு வந்த புதிதில் "ஏட்டி ஆவுடை" என்று என் தலையில் குட்டியவள்.

"சாப்பாட்ட மேச மேலயே வச்சுட்டு வந்துட்டியேம்மா. அதான் பஸ் ஏறிக் கொண்டாந்தேன்" என்றாள். அதற்காக யாரும் இவ்வளவு தூரம் வர மாட்டார்கள். நான் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனைக் கவனிக்க வேண்டிய நேரம், அதனால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலைப்பின் நுனியைத் திருகிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள். "காலைல அவுக தண்ணின்னு சொன்னாகம்மா. தெளிவாச் சொன்னாக. வெரலும் அசையுது. பயிற்சி குடுக்க வாரவரு இன்னும் ரெண்டு மாசம் விடாம செஞ்சா எந்திரிச்சு நடந்துருவாகங்காரு. ஏரல்ல அதுக்கெல்லாம் யாரு இருக்கா? இன்னைக்கு வண்டி வேண்டாம்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

தண்ணி. அந்தக் குரல் திரும்பி வருகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் தண்ணி, அடுத்து ஏல சுயம்பு, அடுத்து தட்டு. என் முதுகுத் தண்டில் சூடாக ஒன்று ஏறியது. இவரிடம் கேட்டீர்களா என்றேன், குரல் எனக்கே கட்டையாகக் கேட்டது.

"தம்பிட்ட கேட்டேன். எனக்கும் மனசே இல்ல மதினி, ஆவுடைட்டயே கேட்டுக்கிடுங்கன்னுட்டு வெளிய எந்திரிச்சுப் போயிட்டாரு."

அவள் நிற்கிறாள். மோட்டார் மூச்சு விடுகிறது. நீல மணி குவளையின் அடியில் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வார்த்தைதான், இருங்கக்கா, எங்கயும் போக வேண்டாம் என்று சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன்.

"பாப்போம்" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

அவள் உடம்பு இரண்டு அங்குலம் குறைந்தது. பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. சரிம்மா என்றாள். தூக்கை மேசை ஓரத்தில் சத்தம் வராமல் வைத்துவிட்டு, கதவையும் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனாள். ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும் என்று இருந்தது. மாடிப்படியில் அவள் செருப்பு இறங்குகிற சத்தம் தேயும்வரை உட்கார்ந்தே இருந்தேன். போன் பக்கத்தில்தான் இருக்கிறது, வண்டிக்காரனுக்குச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம், மத்தியானம் தாண்டிவிட்டது. தூக்கைத் திறந்தேன். சோறு, அவரைக்காய்ப் பொரியல், சின்னக் கிண்ணத்தில் மீன் குழம்பு. போன ஞாயிற்றுக்கிழமை இவர் தட்டில் வால் துண்டு இருந்ததைப் பார்த்து, நடுத்துண்டை முள் எடுத்துப் பெரியத்தானுக்கு ஊட்டியிருப்பாள் என்று நினைத்தேன். அவருக்கு இப்போது கஞ்சி மட்டும்தான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு என் தட்டில் என்ன இருந்தது என்றும் நான் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றேன். இப்போது கிண்ணத்தில் பார்க்கிறேன். உடையாமல், வட்டமாக, நடுவில் ஒற்றை முள்ளோடு, குழம்புக்கு மேலே தெரியும்படி வைத்திருக்கிறாள். மீன் நன்றாக வெந்திருந்தது. முள்ளைச் சுற்றிக் கொஞ்சமும் விடாமல் எடுத்துத் தின்றேன்.